யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு செமஸ்டர் ஜேர்மனிக்குப் படிக்கப் போகிறேன். போகமுன் எவற்றைக் கவனிக்க வேண்டும்?

கேள்வி கேட்ட தங்கச்சி யாழ் கம்பஸில் மூன்றாம் வருடம் படிக்கிறார். ஒக்டோபரில் தொடங்கும் குளிர்கால செமஸ்டருக்கு ஜேர்மனியில் ஒரு பல்கலைக்கழகத்துக்குப் பரிமாற்ற மாணவியாகத் தெரிவாகியிருக்கிறார். முதலில் வாழ்த்துகள். என்ன உடுப்பு கொண்டுபோவது, சாப்பாட்டுக்கு என்ன செய்வது, குளிரை எப்படித் தாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். அவற்றுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் நானும் இதே வழியால் போய்வந்தவன், இப்போது போகிற பிள்ளைகளின் பத்திரங்களைப் பார்த்துக் கொடுக்கிறவன். குளிரால் யாருடைய செமஸ்டரும் வீணாகி நான் பார்க்கவில்லை. போகமுன் வாங்காமல் விட்ட ஒரு கையெழுத்தால் வீணானதைப் பார்த்திருக்கிறேன். ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

அங்கே நீங்கள் எடுக்கப்போகும் பாடங்களை ‘லேர்னிங் அக்ரிமென்ட்’ என்ற படிவத்தில் எழுதி, நீங்கள், உங்கள் பீடம், அங்குள்ள பல்கலைக்கழகம் என்று மூன்று தரப்பும் ஒப்பமிட வேண்டும். அதைப் புலமைப்பரிசிலுக்குக் கொடுக்கும் இன்னொரு படிவம் என்று நினைத்துப் பலர் அவசரமாக நிரப்பி அனுப்பிவிடுகிறார்கள். திரும்பி வந்தபின் ‘இந்தப் பாடத்துக்குப் பதிலாகத்தான் அதைப் படித்தேன்’ என்று காட்ட உங்களிடம் இருக்கப்போவது அந்தக் கடதாசி மட்டும்தான். அங்கே போய்ப் பாடம் மாற்ற வேண்டி வரும், அநேகமாக எல்லோருக்கும் வரும். ஏனென்றால் இரண்டு பாடங்கள் ஒரே நேரத்தில் விழும், அல்லது ஒரு பாடம் அந்த செமஸ்டரில் நடக்காது. மாற்றினால் படிவத்தின் மாற்றப் பகுதியையும் நிரப்பி, மறுபடி மூன்று ஒப்பமும் வாங்குங்கள். ‘சேரிடம் வாட்ஸ்அப்பில் சொல்லிவிட்டேன், ஓம் என்றவர்’ என்பது பரீட்சைக் கிளையில் எடுபடாது.

கணக்கும் பார்க்க வேண்டும். ஐரோப்பாவில் படிப்பின் அளவை ஈ.சி.ரி.எஸ். என்ற கிரெடிட் புள்ளியில் கணக்கிடுகிறார்கள், ஒரு செமஸ்டருக்கு 30 புள்ளிகள். ஒரு புள்ளி என்றால் 25 முதல் 30 மணித்தியாலப் படிப்பு. இலங்கையின் தகைமைச் சட்டகத்தில் ஒரு கிரெடிட் 50 மணித்தியாலம், வருடத்துக்கு 30 கிரெடிட். அதாவது அவர்களுடைய இரண்டு புள்ளி நம்முடைய ஒரு கிரெடிட்டுக்குக் கிட்ட வரும். 5 புள்ளிப் பாடம் ஒன்றைப் படித்துவிட்டு இங்கே 3 கிரெடிட் கேட்டால், துறைத் தலைவர் ‘குறைகிறதே’ என்று சொல்ல இடமிருக்கிறது. 6 புள்ளிப் பாடமாகத் தெரிவு செய்தால் அந்தக் கதையே எழாது. பரீட்சைக்குப் புள்ளி வழங்கும் முறையும் தலைகீழ். அங்கே 1.0 மிகச் சிறந்தது, 4.0 வரை சித்தி, 5.0 என்றால் சித்தியில்லை. நமக்கு 4.00 தான் உச்சம். நீங்கள் 1.3 எடுத்து வர, இங்கே ஒருவர் அதை அப்படியே பதிந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். அங்குள்ள எந்தப் பரீட்சைப் புள்ளி இங்கே எந்தத் தரமாக மாறும் என்பதையும் போகமுன்னரே பீடத்திடம் எழுத்தில் கேளுங்கள்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. நீங்கள் இல்லாத நேரம் இங்கே நடக்கும் கட்டாயப் பாடப் பரீட்சைகள். தவறவிட்டதைப் பிறகு எழுதினால் பொதுவாக அது மீள்தோற்றமாகக் கணக்கிடப்படும். என்ன நன்றாக எழுதினாலும் சி தரத்துக்கு மேல் கிடைக்காது, வகுப்புச் சித்தியும் அடிபடும். அதனால் உங்கள் விடுப்பு பீடச் சபையிலும் மூதவையிலும் முறையாக அனுமதிக்கப்பட்டதா, திரும்பி வந்து எழுதுவது முதல் தோற்றமாகவே எடுக்கப்படுமா என்பதைக் கடிதமாக வாங்காமல் விமானம் ஏறாதீர்கள். கேட்கக் கூச்சமாக இருக்கும். உரிமையோடு கேளுங்கள். கம்பஸ் உங்களை அனுப்புகிறது, நீங்களாக ஓடிப்போகவில்லை.

அடுத்தது பத்திரங்கள். கடவுச்சீட்டுக்கு முன்பு வவுனியாவுக்கோ கொழும்புக்கோ அலைய வேண்டியிருந்தது. 2025 செப்டம்பரில் யாழ் மாவட்டச் செயலகத்திலேயே அலுவலகம் திறந்துவிட்டார்கள். சான்றிதழ்களை அத்தாட்சிப்படுத்தும் வெளிவிவகார அமைச்சின் கொன்சியுலர் கிளையும் அதே செயலகத்தில் இருக்கிறது. விசாவுக்கு மட்டும் கொழும்புக்குத்தான் போக வேண்டும். நேரம் கிடைத்தால் முதல்நாளே போய்த் தங்குங்கள். இரவு பஸ்ஸில் நித்திரை இல்லாமல் போய் இறங்கி நேரே தூதரக நேர்காணலுக்கு நிற்பது நல்லதல்ல. 90 நாட்களுக்கு மேல் தங்குவதால் உங்களுக்கு வேண்டியது தேசிய விசா. கட்டணம் 75 யூரோ, சில புலமைப்பரிசில்களுக்கு அதுவும் இல்லை. முடிவு வர வாரக்கணக்கிலும் எடுக்கும், மாதக்கணக்கிலும் எடுக்கும். அனுமதிக் கடிதம் வந்த அன்றே நேரம் பதியுங்கள்.

காசு எப்படிக் காட்டுவது என்பதில்தான் வீடுகளில் குழப்பம் வரும். மாதம் 992 யூரோ என்ற கணக்கில் உங்கள் செலவுக்கு வழியிருப்பதைக் காட்ட வேண்டும், வருடத்துக்கு 11,904 யூரோ. இந்தத் தொகையை அவர்கள் அவ்வப்போது மாற்றுவார்கள், விண்ணப்பிக்கும்போது தூதரக இணையத்தளத்தில் பாருங்கள். புலமைப்பரிசில் கடிதத்தில் மாதாந்தத் தொகை தெளிவாக இருந்தால் அது போதும். குறைந்தால் மிச்சத்தை முடக்கக் கணக்கில், அதாவது மாதாமாதம் ஒரு அளவு மட்டும் எடுக்கக்கூடிய வங்கிக் கணக்கில், போட்டுக் காட்டலாம். மூன்றாவது வழி, ஜேர்மனியில் இருக்கும் மாமாவோ சித்தியோ பொறுப்பேற்பது. அவர் தன் ஊரின் வெளிநாட்டவர் அலுவலகத்துக்குச் சம்பளச் சான்றுகளோடு போய்ச் சட்டப்படி ஒரு பத்திரத்தில் ஒப்பமிட வேண்டும். சும்மா கடிதம் எழுதித் தந்தால் செல்லாது. அந்த ஒப்பம் சிறிய விஷயமும் அல்ல. உங்களுக்காக அரசு ஏதாவது செலவழிக்க நேர்ந்தால் அதை அவரிடம் அறவிடலாம், அந்தப் பொறுப்பு ஐந்து வருடம் வரை நிற்கும். மாமாவிடம் கேட்கும்போதே இதையும் சொல்லிக் கேளுங்கள். பிறகு தெரிந்தால் உறவில் மனக்கசப்பு வரும்.

அறை. தெரிவான செய்தி வந்த கிழமையே மாணவர் விடுதிக்கு விண்ணப்பியுங்கள். செப்டம்பரில் தேடத் தொடங்கினால் மிகவும் கஷ்டம். விளம்பரங்களில் இரண்டு வாடகை இருக்கும். சூடாக்கல், தண்ணீர் எல்லாம் சேர்ந்த தொகையைப் பார்த்தே முடிவெடுங்கள். ‘நான் இப்போது வெளிநாட்டில் இருக்கிறேன், முற்பணம் அனுப்பினால் திறப்பைத் தபாலில் அனுப்புகிறேன்’ என்று யாராவது எழுதினால் அது ஏமாற்று, வேறு எதுவும் இல்லை. அறையைப் பார்க்காமல், ஒப்பந்தம் இல்லாமல் ஒரு யூரோவும் அனுப்ப வேண்டாம்.

மாமா வீட்டில் தங்கலாமே என்று அம்மா சொல்வா. மாமா டோர்ட்முண்டில், பல்கலைக்கழகம் ட்ரெஸ்டனில் என்றால் முடியாது. ஒரே ஊர் என்றாலும், முடிந்தால் விடுதியையே தெரிவு செய்யுங்கள் என்பது என் அபிப்பிராயம். இந்த ஆறு மாதத்தில் நீங்கள் கற்கப்போவதில் பாதி அந்தப் பொதுக் குசினியில்தான் இருக்கிறது. மாமா வீட்டுக்குச் சனி, ஞாயிறில் போகலாம்.

போய் இறங்கிய பிறகு எல்லாம் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வரும். குடியேறி இரண்டு கிழமைக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும், அது சட்டம். அதற்கு வீட்டுக்காரர் தரும் உறுதிப் படிவம் தேவை. திறப்பு வாங்கும்போதே அதையும் கேட்டு வாங்குங்கள். அந்தப் பதிவு கையில் இருந்தால் வங்கிக் கணக்கு, விசா நீடிப்பு எல்லாம் சுலபமாக நகரும். விசாவில் உள்ள முடிவுத் திகதி உங்கள் கடைசிப் பரீட்சைக்கு முந்தியதாக இருந்தால் முதல் கிழமையே வெளிநாட்டவர் அலுவலகத்தில் நேரம் கேளுங்கள், அங்கே வரிசை நீளம். மருத்துவக் காப்புறுதி இல்லாமல் பல்கலைக்கழகத்தில் பதிய விடமாட்டார்கள். அரச முறைக் காப்புறுதி 30 வயதுக்குட்பட்ட மாணவருக்கு மாதம் 140 யூரோவுக்கு மேல் வரும். கொழும்பில் வாங்கிய மலிவான பயணக் காப்புறுதி அந்தப் பதிவுக்குப் போதும் என்று நம்பிப் போகாதீர்கள். அப்புறம், தபால்பெட்டியில் உங்கள் பெயரை ஒட்டுங்கள். பெயர் இல்லாவிட்டால் தபால்காரர் கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார். வங்கி அட்டை, இரகசிய இலக்கம், காப்புறுதி அட்டை எல்லாம் தபாலில்தான் வரும். பொது வானொலி, தொலைக்காட்சிக்கு என்று மாதம் 18.36 யூரோ ஒலிபரப்புக் கட்டணம் கேட்டும் ஒரு கடிதம் வரும். அது விளம்பரம் அல்ல. ஒரு வீட்டுக்கு ஒரு கட்டணம் என்பதால், கூட இருப்பவர்களோடு பங்கிட முடியுமா என்று பாருங்கள்.

இனிப் படிப்பு. செமஸ்டர் ஒக்டோபர் முதலாம் திகதி தொடங்கினாலும் விரிவுரைகள் அநேகமாக ஒக்டோபர் நடுப்பகுதியில்தான். அதற்கு முந்திய அறிமுகக் கிழமையைத் தவறவிடாதீர்கள், நண்பர்கள் கிடைப்பது அங்கேதான். அட்டவணையில் 10 சி.ரி. என்று இருந்தால் வகுப்பு 10.15க்கு. எஸ்.ரி. என்றிருந்தால் சரியாகப் பத்து மணிக்கு. பாடத்துக்குப் பதிவது வேறு, பரீட்சைக்குப் பதிவது வேறு. இரண்டாவதற்குத் தனியாக ஒரு கடைசித் திகதி இருக்கும். அது தாண்டினால் நாலு மாதம் வகுப்பில் இருந்தும் பரீட்சை எழுத முடியாமல் போகும். பரீட்சைகள் பெப்ரவரியில், சிலது மார்ச்சிலும் வரும். திகதி தெரியாமல் திரும்பும் விமானத்துக்கு மாற்ற முடியாத ரிக்கெட் எடுக்க வேண்டாம்.

நம் பிள்ளைகள் அங்கே கஷ்டப்படுவது ஆங்கிலத்தால் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நான் கண்டது வேறு. கேள்வி கேட்காமல் இருப்பதால்தான் கஷ்டப்படுகிறார்கள். இங்கே சேர் சொல்லச் சொல்லக் குறிப்பெடுத்துப் பழகிவிட்டோம். அங்கே செமினாரில் வாய் திறக்காமல் இருந்தால் மரியாதை என்று யாரும் எடுக்கமாட்டார்கள், வாசிக்காமல் வந்திருக்கிறார் என்று நினைப்பார்கள். முதல் வகுப்பிலேயே ஒரு கேள்வி, சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை, கேட்டுவிடுங்கள். இரண்டாவது கேள்வி அவ்வளவு பயம் தராது. விரிவுரையாளரைத் தனியாகச் சந்திக்கக் கிழமைக்கு ஒரு நேரம் வைத்திருப்பார். மின்னஞ்சலில் கேட்டுக்கொண்டு போகலாம். நான்கு வரி போதும்: நான் யார், எந்தப் பாடம், என்ன விளங்கவில்லை, எப்போது வரலாம். ‘தொந்தரவுக்கு மன்னிக்கவும்’ என்று ஒரு பந்தி எழுதத் தேவையில்லை. பதில் வராவிட்டால் ஒரு கிழமை கழித்து மறுபடி எழுதுங்கள், அதைத் தவறாக எடுக்கமாட்டார்கள்.

வேலை பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் யாராவது ஒரு சொந்தக்காரர் கட்டாயம் கதைப்பார். வெளிநாட்டு மாணவர் வருடத்துக்கு 140 முழுநாள் அல்லது 280 அரைநாள் வேலை செய்யலாம் என்பது 2024 மார்ச்சிலிருந்து உள்ள சட்டம். உங்கள் விசாவில் என்ன எழுதியிருக்கிறது என்பதையும் பாருங்கள். பதியாமல் கைக்காசுக்கு உணவகத்தில் நிற்பது வேண்டவே வேண்டாம். பிடிபட்டால் பிறகு மேற்படிப்புக்கு விசா கேட்கும்போதும் அது உங்களைத் தொடரும்.

சரி, பெட்டி. தடித்த குளிர்ச் சட்டையைக் கொழும்பில் விலை கொடுத்து வாங்காதீர்கள். அங்கே பழைய உடுப்புக் கடைகளில் நல்லது மலிவாக இருக்கும். நீர் புகாத சப்பாத்துக்கு மட்டும் காசு பார்க்காதீர்கள். சாப்பாட்டில், அம்மா வறுத்து இடித்த மிளகாய்த்தூளுக்கு ஈடு அங்கே இல்லை, அதை நன்றாகப் பொதி செய்து கொண்டுபோங்கள். ஒடியல் மா, புழுக்கொடியல், பினாட்டுக்கும் இடம் வையுங்கள். இறைச்சி, பால், நெய் எதுவும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் விடமாட்டார்கள். கருவாடு 20 கிலோ வரை விடுவார்கள். பச்சைக் கறிவேப்பிலையும் கறுத்தக்கொழும்பான் மாம்பழமும் தாவரச் சுகாதாரச் சான்று இல்லாமல் போகாது. தேங்காயும் வாழைப்பழமும் போகும், ஆனால் அதை ஏன் சுமப்பான். கறிவேப்பிலையை நிழலில் காயவைத்து எடுத்துப்போகிறவர்கள் உண்டு, அதற்கும் விமான நிலையத்தில் கேள்வி வரலாம். பெரிய நகரங்களில் தமிழ்க் கடைகள் இருக்கின்றன, டோர்ட்முண்ட், எசன் பக்கம் இன்னும் கூட. ஞாயிற்றுக்கிழமை கடைகள் பூட்டு, சனிக்கிழமையே வாங்கி வையுங்கள். டிசம்பரில் பின்னேரம் நாலு மணிக்கே இருண்டுவிடும். அந்த நாட்களில் அறைக்குள் கிடக்காமல் பகலில் கொஞ்சம் வெளியே நடங்கள். வீட்டோடு கதைக்கக் குளிர்காலத்தில் நாலரை மணித்தியால வித்தியாசம், அம்மா படுக்கமுன் எடுத்துவிடலாம். ஹம் நகரத்துக் காமாட்சி அம்மன் கோயில் கிட்ட இருந்தால் ஒருமுறை போய்வாருங்கள்.

திரும்பும்போது செய்ய வேண்டியதும் இருக்கிறது. முகவரிப் பதிவை நீக்க வேண்டும், காப்புறுதிக்கும் ஒலிபரப்புக் கட்டணத்துக்கும் எழுத வேண்டும். புள்ளிப் பட்டியல் எப்போது வரும், யாருக்கு அனுப்புவார்கள் என்று பரிமாற்ற அலுவலகத்தில் நேரில் போய்க் கேளுங்கள். அது இங்கே வந்துசேர வாரங்கள் எடுக்கும், உங்கள் பெறுபேறு அதற்காகக் காத்திருக்கும். அறைக்குக் கட்டிய வைப்புப் பணத்தை நீங்கள் வந்தபிறகுதான் கணக்குப் பார்த்துத் திருப்புவார்கள். அது கைக்கு வரும்வரை அங்குள்ள வங்கிக் கணக்கை மூடாதீர்கள்.