அப்பாவின் 315 ரைஃபிள்: முதலில் பேரலைப் பாருங்கள்

அப்பா வைத்திருந்த பழைய 315 ரைஃபிளில் போல்ட் (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் பகுதி) இறுகிவிட்டது, மரக் கட்டை வெடித்திருக்கிறது, முழுசாகப் புதுப்பிக்கலாமா என்று கேட்கிறீர்கள். முழுசாகப் புதுப்பிக்க வேண்டாம். புதுக் கட்டை, புதுப் பூச்சு, வேறு போல்ட் என்று போட்டால் அந்தப் பணம் விற்கும்போது திரும்பாது. லைசென்ஸ் உள்ளவரும் டீலரும் மட்டுமே வாங்கலாம் என்பதால் சந்தை சின்னது. உங்களுடையது என்ஃபீல்டு பட்டாளத் துப்பாக்கியின் அமைப்பிலேயே மேற்கு வங்கத்தின் இச்சாப்பூர் அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலையில் செய்தது. 303 ராணுவத் தோட்டா பொதுமக்களுக்குத் தடை என்பதால்தான் 315 என்ற வேறு தோட்டா அளவு.

போல்ட் இறுகுவதற்கு, பெரும்பாலும், உங்கள் கடலோரத் தேவனாம்பட்டினத்து உப்புக்காற்றும் உள்ளே பிசினாய்க் காய்ந்த பழைய எண்ணெயும்தான் காரணம். சுத்தம் செய்தாலே சரியாகலாம்.

செலவை முடிவு செய்வது பேரல், அதாவது குண்டு பாயும் குழாய். தோட்டா இல்லை என்று இரண்டு முறை உறுதி செய்து, போல்ட்டைக் கழற்றி, பேரலை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து உள்ளே பாருங்கள். குழாயின் உட்சுவரில் சுழன்று செல்லும் வரிப்பள்ளங்கள் கூர்மையாக, பளபளப்பாக இருந்தால் கட்டையின் வெடிப்பை மட்டும் ஒட்டவையுங்கள். உள்ளே அம்மைத்தழும்பு மாதிரி குழிகள் இருந்தால் ஒரு ரூபாயும் போடாதீர்கள். அப்பாவின் நினைவாகத் துடைத்து வையுங்கள், அதற்கும் மதிப்பு உண்டு.

போல்ட் கைப்பிடியின் பின்புறமும் உடற்பகுதியிலும் ஒரே எண் இருக்கிறதா என்று பாருங்கள். வேறு துப்பாக்கியின் போல்ட்டை மாட்டினால் தோட்டா உட்காரும் இடைவெளி மாறும், சுடுபவருக்கே ஆபத்து.

லைசென்ஸ் உங்கள் பெயருக்கு மாறிவிட்டது என்கிறீர்கள், நல்லது. ஆனாலும் வேலையை உரிமம் பெற்ற துப்பாக்கி மெக்கானிக்கிடம் மட்டும் கொடுங்கள். பாலிஷ் போடும்போது எண் அழிந்தால் 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம். கொடுக்கும் முன் அந்த எண்ணைப் போட்டோ எடுத்து வையுங்கள்.