காக்கைக்கு முதல் சோறு

அன்புள்ள ஐயா,

வணக்கம். மும்பை செம்பூரிலிருந்து எழுதுகிறேன். வீட்டில் நாங்கள் இருவர், மாமனார், ஒன்பது வயது மகள், அப்புறம் எங்கள் நாய் டைகர். பக்கத்து வீட்டுப் பூனையும் பாதி நாள் எங்களிடம்தான். உங்கள் நாய் மல்லி பேசுவதுபோல் நீங்கள் எழுதியிருந்ததை மகளுக்கு வாசித்துக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தாள். பகல் முழுக்க டைகரோடு இருப்பவர் மாமனார்தான். அவர் மட்டும் சிரிக்கவில்லை. “நாய்க்கு இதெல்லாம் எங்கே தெரியும்? மனுஷன் தன் வம்பை நாய் வாயில் வைத்துப் பேசுகிறான்” என்றார். அது எனக்கும் உறுத்தலாகவே இருக்கிறது. இப்போது மகள் பள்ளி இதழுக்கு டைகர் சொல்வதாக ஒன்று எழுத உட்கார்ந்திருக்கிறாள். அதில் டைகர் கிரிக்கெட் ஸ்கோர் சொல்கிறான், அப்பா திட்டினால் செய்த தப்பை நினைத்து வெட்கப்படுகிறான். அப்படியே விட்டுவிடலாமா, திருத்தச் சொல்ல வேண்டுமா?

அன்புடன்,
ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மாமனார் சொன்னதில் பாதி நியாயம் இருக்கிறது. நான் எழுதியதை மறுபடி எடுத்துப் படித்தேன். மல்லி மின்சாரக் கட்டணத்தைப் பற்றிப் புலம்புகிற இடம் ஒன்று வருகிறது. அங்கே பேசுவது நான்தான், மல்லி இல்லை. அதை எடுத்துவிட்டேன். ஆனால் காக்கையைப் பற்றி அவள் சொல்லும் இடத்தை எடுக்க மாட்டேன். அது முழுக்க அவளுடையது.

எங்கள் வீட்டில் சமையல் முடிந்ததும் என் மனைவி ஒரு பிடி சாதத்தில் நெய் விட்டு ஜன்னலுக்கு வெளியே வைத்து, “கா, கா” என்று கூப்பிடுவார். மல்லி அடுக்களை வாசலில் உட்கார்ந்து இதைப் பார்க்கிறாள். மாட்டுங்கா பூ மார்க்கெட்டில் காலிக் கூடைகளுக்கு நடுவே குட்டியாகக் கிடைத்தவள். வந்து ஆறு வருடமாகிறது, ஆறு வருடமாக இதையே பார்க்கிறாள். கொஞ்சம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து யோசித்துப் பாருங்கள். ராத்திரி வீட்டைக் காப்பது யார்? லிஃப்ட் நம் மாடியில் நின்றதும் முதலில் எழுந்து சொல்வது யார்? மல்லி. காக்கை என்ன செய்தது? வாசல் வழியாகக்கூட அது வருவதில்லை. ஆனாலும் கூவிக் கூப்பிட்டு, முதல் சோறு அதற்கு, அதுவும் நெய்யோடு. அமாவாசை என்றால் வடை, பாயசம் வேறு. அன்றைக்கு அது வந்து கொத்தும்வரை வீட்டில் ஒருவரும் இலையில் உட்காருவதில்லை. வரத் தாமதமானால் பெரியவர்கள் ஜன்னலில் நின்று கெஞ்சுகிறார்கள். பாயசத்தில் போடும் உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பதால் நாங்கள் மல்லிக்கு ஒரு சொட்டுகூடக் கொடுப்பதில்லை. அந்தக் காரணம் அவளுக்கு எப்படித் தெரியும்? பித்ருக்கள் என்ற சொல்லும் தெரியாது. கண்ணால் பார்த்ததும் மூக்கால் முகர்ந்ததும்தான் அவளிடம் இருக்கும் சாட்சி. அதை வைத்துப் பார்த்தால் இந்த வீட்டுக்கு எஜமான் காக்கைதான். அவள் முடிவில் ஒரு பிழையும் இல்லை.

நாயின் சிரிப்புக்கதை அங்கேதான் பிறக்கிறது என்று நினைக்கிறேன். நாயை முட்டாளாக்கினால் அந்தச் சிரிப்பு வராது, நம்மைப்போல் பேசவைத்தாலும் வராது. தன்னிடம் உள்ள சாட்சிப்படி அது சரியாகவே யோசிக்க வேண்டும். அப்படி யோசித்து, நாம் கனவிலும் நினைக்காத ஓர் இடத்தில் போய் நிற்க வேண்டும்.

இன்னொன்று சொல்கிறேன். உங்கள் கட்டடத்திலும் காலையில் கச்ரா, அதாவது குப்பை, எடுக்க ஒருவர் வருவார். மல்லிக்கு இந்த வீட்டிலேயே மணம் மிகுந்த பொருள் அந்த வாளிதான். நேற்றைய மீன்முள், தயிர்ப் பாக்கெட், பழத்தோல் எல்லாம் ஒன்றாக ஊறிக் கிடக்கும் பொக்கிஷம். தினமும் ஓர் ஆள் வந்து அதைக் கொண்டுபோகிறார். மல்லி உயிரைக் கொடுத்துக் குரைக்கிறாள். வீட்டுக்காரர்களோ திருட வந்தவரிடம் தாங்களே வாளியை எடுத்துக் கொடுத்து, பண்டிகை என்றால் பணமும் கொடுக்கிறார்கள். திட்டு மட்டும் மல்லிக்கு!

இதை எழுத அவள் மூக்கை நான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. நம் மூக்கில் மணத்தை உணரும் ஏற்பிகள் 50, 60 லட்சம்தான். நாய்களுக்கு, இனத்தைப் பொறுத்து, பத்துக் கோடியைத் தாண்டி முப்பது கோடி வரைக்கும் இருக்கும். நமக்கு ஒரே நாற்றமாகத் தெரியும் வாளி அவளுக்கு முள் தனி, தோல் தனி, நேற்று தனி, முந்தாநாள் தனி. கண் விஷயம் வேறு. நாய்க்கு நீலமும் மஞ்சளும் நன்றாகத் தெரியும், சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்ப்பது கஷ்டம். உங்கள் மகளின் கதையில் டைகர் புல்தரையில் சிவப்புப் பந்தைத் தேடினால், கண் அவனுக்குப் பெரிதாக உதவாது. மூக்குதான் கண்டுபிடிக்கும். பந்தில் அவள் கை மணம் இருக்கிறதே!

வெட்கத்துக்கு வருகிறேன். திட்டினால் காதை மடித்து, வாலை இடுக்கி, ஓரக்கண்ணால் பார்க்கும் அந்தத் திருட்டு முழியை வைத்து எழுதாதவர் இல்லை. நானும் எழுதியிருக்கிறேன், இனி எழுத மாட்டேன். 2009இல் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதைச் சோதித்துப் பார்த்தார். தின்பண்டத்தைக் காட்டி, தொடக்கூடாது என்று நாயிடம் சொல்லிவிட்டு வீட்டுக்காரர் வெளியே போவார். திரும்பியதும், நாய் தின்றதா இல்லையா என்று அவரிடம் சொல்வார்கள். சில தடவை வேண்டுமென்றே மாற்றிச் சொன்னார்கள். திருட்டு முழி வந்தது திட்டு விழுந்தபோதுதான். தின்றதா தின்னவில்லையா என்பதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஒரு பாவமும் செய்யாத நாயும் திட்டினால் அப்படித்தான் முழித்தது. அதைப் படித்த அன்று, மல்லியை நான் எத்தனை முறை “முழியைப் பார், இவள்தான் செய்திருக்கிறாள்” என்று சொல்லியிருப்பேன் என்று நினைத்து மனசு கஷ்டமாகிவிட்டது. உங்கள் மகள் அந்த வரியை இப்படி மாற்றலாம்: ‘அப்பாவின் குரல் திடீரென்று மாறியது. என்ன ஆயிற்றோ தெரியவில்லை. நான் காதை மடித்துக்கொண்டேன். மடித்தால் குரல் சீக்கிரம் சரியாகிவிடும்.’

பூனையை விட்டுவிட வேண்டாம் என்று சொல்லுங்கள். மல்லி சந்தோஷத்தில் வாலை வீசி வீசி ஆட்டுகிறாள். பூனை வாலை அப்படி விசிறினால் ‘கிட்டே வராதே’ என்று பொருள். விளையாடக் கூப்பிட மல்லி முன்னங்காலை நீட்டிக் குனிகிறாள். பூனைக்கு அது பாயப் பதுங்குவதுபோல் தெரிகிறது. நாங்கள் மும்பைக்கு வந்த புதிதில் என் அம்மா இந்தி மட்டும் தெரிந்த கடைக்காரரிடம் போய் “பால், பால்” என்று கேட்டுக்கொண்டு நின்றார். இந்தியில் கிட்டத்தட்ட அதே ஒலியுள்ள சொல்லுக்குத் தலைமுடி என்று பொருள். கடைக்காரர் சீப்பை எடுத்து நீட்டினார். டைகருக்கும் அந்தப் பூனைக்கும் நடுவே நடப்பதும் ஏறத்தாழ இதுதான். இருவருமே நல்லவர்கள், பாஷைதான் வேறு.

“நாய்க்கு எங்கே தெரியும்” என்று கேட்ட உங்கள் மாமனாருக்கு ஒன்று சொல்ல ஆசை. மல்லிக்குக் கண்ணுக்கு மேலே பழுப்பு நிறத்தில் இரண்டு பொட்டு உண்டு. தாதர் பார்சி காலனியில் ஃபைவ் கார்டன்ஸ் பக்கம் நடக்கும்போது ஒரு பார்சி மூதாட்டி அவளைக் குனிந்து பார்த்து, “நாலு கண்” என்றார். ஜரதுஷ்டிர மதத்தவரான பார்சிகளின் வழக்கத்தில் இறந்தவரின் உடலை ஒரு நாய்க்குக் காட்டுவார்கள். அந்தச் சடங்குக்கு ‘சக்தீத்’ என்று பெயர், நாயின் பார்வை என்று பொருள். கண்ணுக்கு மேலே இப்படிப் பொட்டு உள்ள நாய்தான் அதற்கு உகந்தது. உயிர் நிஜமாகவே பிரிந்துவிட்டதா என்று நாய்க்குத் தெரியும் என்பது ஒரு விளக்கம். அதன் பார்வை தீயதை விரட்டும் என்பது நம்பிக்கை. 1832இல் தெருநாய்களைக் கொல்ல ஆணை வந்தபோது பம்பாயில் கடைகளை அடைத்துத் தெருவில் முன்னின்று இறங்கியவர்களும் பார்சிகள்தான். அந்தப் பாட்டி மல்லியின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். மல்லியும் கண்ணை எடுக்காமல் பார்த்தாள். நாய்க்கு என்ன தெரியும் என்ற கேள்வி மிகப் பழையது. அதை மதித்துக் கேட்டவர்கள் நமக்கு முன்னாலேயே இருந்திருக்கிறார்கள்.

ஒரே ஓர் இடத்தில் சிரிப்பு வேண்டாம். தீபாவளி வெடிக்குக் கட்டிலடியில் ஒளியும் நாயை வேடிக்கையாக எழுதுகிறார்கள். நாம் கேட்கவே முடியாத உச்சத்தில் உள்ள ஒலிகளும் அவற்றுக்குக் கேட்கும். வெடிச்சத்தத்தில் மல்லிக்கு உடம்பே நடுங்கும், வாயில் எச்சில் ஒழுகும். நாங்கள் ஜன்னலைச் சாத்தி, அவளோடு தரையில் படுத்துக்கொள்வோம். பயத்தைப் பயமாகவே எழுத வேண்டும்.

சரி, கிரிக்கெட். அதை எடுக்கச் சொல்லாதீர்கள், ஸ்கோரை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். மேட்ச் நடக்கும்போது டைகருக்கு என்ன தெரிகிறது? ‘எல்லாரும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். திடீரென்று எழுந்து குரைத்தார்கள். யாரோ வந்துவிட்டார்கள் என்று வாசலுக்கு ஓடினேன். ஒருவரும் இல்லை. திரும்பி வந்தேன், இன்னும் சுவரைப் பார்த்தே குரைத்துக்கொண்டிருந்தார்கள். பாவமாக இருந்தது, நானும் சேர்ந்து குரைத்தேன். என்னை மட்டும் சும்மா இரு என்றார்கள்.’ இது என் ஊகம்தான். உங்கள் வீட்டில் வேறு மாதிரி நடக்கலாம். அதைச் சரியாகச் சொல்லக்கூடியவர் உங்கள் மாமனார். பகல் முழுக்க டைகரைப் பார்ப்பவர் அவர். பேத்தியைத் தரையில் டைகர் பக்கத்தில் அரைமணி நேரம் உட்காரச் சொல்லுங்கள். டைகரின் காது எப்போது நிமிர்கிறது, மூக்கு எந்தப் பக்கம் போகிறது என்று அவள் எழுதிக்கொள்ளட்டும். எழுதி முடித்ததும் தாத்தாவிடம் காட்டட்டும். ‘இது டைகர் இல்லை’ என்று அவர் எங்கே சொல்கிறாரோ அங்கே அடித்துவிடலாம்.

இதழ் வந்ததும் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். அனுப்பும் முன் டைகர் ஒரு ராத்திரி அதன்மேல் படுத்திருக்கட்டும். நான் மல்லிக்கு வாசித்துக் காட்டுவதைவிட, அவளே முகர்ந்து தெரிந்துகொள்வது அதிகமாக இருக்கும்.

அன்புடன்