ஓங்கு பண்பு என்றால் வலிமையான பண்பா? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஓங்கு பண்பு என்பது வலிமையான பண்பு, ஆகவே எண்ணிக்கையிலும் அதுதானே மிகுந்திருக்கும்?

இல்லை. 'ஓங்கு', 'ஒடுங்கு' என்ற சொற்களே நம்மை அப்படி எண்ண வைக்கின்றன. ஒரு மரபணுவின் இரண்டு பிரதிகள், பெற்றோர் ஒவ்வொருவரிடமிருந்தும் ஒன்றாக, செடிக்கு வந்து சேர்கின்றன. அவை ஒன்றுக்கொன்று வேறுபட்டிருக்கும்போது எதன் விளைவு வெளியே தெரிகிறதோ அதை ஓங்கு என்றும், தெரியாமல் மறைந்திருப்பதை ஒடுங்கு என்றும் சொல்கிறோம், அவ்வளவே. அது செடிக்கு நன்மை தருமா, வயலில் பெருகுமா என்பதைப் பற்றி அந்தச் சொல் எதுவும் கூறுவதில்லை. 1966-இல் வெளியிடப்பட்ட ஐஆர்8 நெல்லின் குட்டைத்தன்மை ஒடுங்கு பண்புதான். ஆனாலும் மனிதர் விரும்பித் தேர்ந்தெடுத்ததால் அத்தகைய குட்டை நெல் வகைகள் பெரும்பரப்பில் பரவின.

கேள்வி: பட்டாணியில் உருண்டை வடிவம் சுருங்கிய வடிவத்தை அடக்குகிறது என்று படித்தேன். உள்ளே என்னதான் நடக்கிறது?

அடக்குதல் எதுவும் நடப்பதில்லை. சர்க்கரையிலிருந்து மாவுச்சத்து உருவாகும்போது அதன் சங்கிலிகளைக் கிளைக்கச் செய்யும் நொதி ஒன்று உண்டு. சுருங்கிய பட்டாணியில் அந்த நொதிக்கான மரபணுவின் நடுவே ஏறத்தாழ 800 கார இணைகள் (டிஎன்ஏ ஏணியின் படிகள்) நீளமுள்ள டிஎன்ஏ துண்டு ஒன்று புகுந்து அதைச் செயலிழக்கச் செய்திருக்கிறது என்பது 1990-இல் தெரியவந்தது. மாவுச்சத்து குறைந்து சர்க்கரை தேங்குவதால் இளம் விதை கூடுதலாக நீரை இழுத்து உப்புகிறது. முற்றிக் காயும்போது அந்த நீர் வெளியேற, விதை சுருங்கிப்போகிறது. நல்ல பிரதி ஒன்றிருந்தாலே உருண்டை வடிவத்துக்குப் போதிய நொதி கிடைத்துவிடுகிறது என்பதால்தான் உருண்டை ஓங்கு பண்பாயிற்று.

இதில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி வேறொன்று. இரண்டு வகைப் பிரதிகளும் கொண்ட விதை கண்ணுக்கு உருண்டையாகவே தெரிந்தாலும், அதன் மாவுமணிகளை நுண்ணோக்கியில் பார்த்தால் அவை இரண்டு பெற்றோருக்கும் இடைப்பட்ட வடிவத்தில் இருக்கின்றன. ஓங்குதன்மை என்பது நாம் எந்த மட்டத்தில் பார்க்கிறோம் என்பதையும் பொறுத்தது.

கேள்வி: ஒரே காய்க்குள் உருண்டையும் சுருங்கியதுமாக இரு வகை விதைகள் இருக்க முடியுமா?

முடியும். கலப்பினச் செடியின், அதாவது இரண்டு வகைப் பிரதிகளும் கொண்ட செடியின், காய்ந்த காய் ஒன்றைப் பிளந்தால், வழவழப்பான ஐந்து மணிகளுக்கு நடுவே பள்ளமும் மடிப்புமாக இரண்டு மணிகள் கிடப்பதைக் காணலாம். ஒவ்வொரு மணியும் தனித்தனிக் கருவுறுதலின் விளைவு. உள்ளே இருக்கும் பருப்பு அடுத்த தலைமுறையைச் சேர்ந்தது. விதையுறையோ தாய்ச்செடியின் திசு. ஆகவே உறையின் நிறத்துக்கான மரபணு ஒரு செடியின் விதைகளுக்குள் பிரிந்திருந்தாலும், அந்த வேறுபாடு அவற்றை விதைத்து வளர்த்து, அந்தச் செடிகள் காய்த்த பிறகே வெளிப்படும்.

கேள்வி: அந்திமந்தாரையில் சிவப்பையும் வெள்ளையையும் கலந்தால் இளஞ்சிவப்பு வருகிறதே, பண்புகள் கரைந்துவிட்டனவா?

கரையவில்லை. இது முழுமையற்ற ஓங்குதன்மை, அதாவது ஒரு பிரதியின் விளைவு மற்றதை முழுமையாக மறைக்காத நிலை. அந்த இளஞ்சிவப்புச் செடியைத் தன்மகரந்தச் சேர்க்கைக்கு விட்டால் அடுத்த தலைமுறையில் சிவப்பு, இளஞ்சிவப்பு, வெள்ளை ஆகியவை 1:2:1 என்ற விகிதத்தில் திரும்பி வரும்.

கேள்வி: நான் வளர்த்த கலப்பினப் பட்டாணிச் செடியின் விதைகளில், உருண்டை மூன்றுக்குச் சுருங்கியது ஒன்று என்ற 3:1 விகிதம் வரவில்லை. தவறு எங்கே?

பெரும்பாலும் எண்ணிய விதைகள் போதாததுதான். பட்டாணிச் செடிகளைக் கலந்து மரபு விதிகளைக் கண்டறிந்த மெண்டல் 7,324 விதைகளை எண்ணி, 5,474 உருண்டை, 1,850 சுருங்கியவை என்று பதிவு செய்தார், விகிதம் 2.96:1. ஆனால் தனிச் செடிகளைப் பார்த்தால் அவரிடமும் ஒன்று 43 உருண்டைக்கு 2 சுருங்கியவையும், மற்றொன்று 14-க்கு 15-ம் கொடுத்திருந்தன. இவற்றை மறைக்காமல் 1866-ஆம் ஆண்டுக் கட்டுரையில் அவரே எழுதியிருக்கிறார். நான்கு விதைகளை மட்டும் எடுத்தால் அவற்றில் ஒடுங்கு பண்பு ஒன்றுகூட இல்லாமல் போவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 32 விழுக்காடு.

கேள்வி: பட்டாணியில் நெட்டை ஓங்கு, குட்டை ஒடுங்கு. அப்படியானால் ஒரு நெட்டைச் செடி தூய வகையா (இரண்டு பிரதிகளும் ஒன்றேயா), கலப்பினமா என்று எப்படிக் கண்டறிவது?

தன்மகரந்தச் சேர்க்கையில் கிடைத்த விதைகளை விதைத்துக் குட்டை வருகிறதா என்று பார்ப்பதே எளிய வழி. மெண்டல் ஒவ்வொரு செடியிலிருந்தும் 10 விதைகளை வளர்த்தார். அப்படிச் செய்தால் கலப்பினச் செடி ஒன்று குட்டையே காட்டாமல் தப்பிவிடும் வாய்ப்பு 5.6 விழுக்காடு உண்டு. 16 விதைகள் என்றால் அது 1 விழுக்காடாகக் குறையும்.

இடமும் காலமும் குறைவென்றால் சோதனைக் கலப்பு, அதாவது ஒடுங்கு பண்புள்ள குட்டைச் செடியோடு கலந்து பார்ப்பது, செய்யலாம். பட்டாணிப் பூ விரியுமுன்னரே மகரந்தம் உதிர்ந்துவிடும் என்பதால், குட்டைச் செடியின் இளம் மொட்டை ஊசிமுனை இடுக்கியால் திறந்து, பத்து மகரந்தத்தாள்களையும் அகற்றிவிட்டு, நெட்டைச் செடியின் மகரந்தத்தைச் சூலகமுடியில் தடவ வேண்டும். நெட்டைச் செடி கலப்பினமாக இருந்தால், கிடைக்கும் விதைகளில் பாதி குட்டையாக வளரும். ஆகவே 7 விதைகள் முளைத்து எல்லாமே நெட்டையாக நின்றால், அதைத் தூய வகை என்று 99 விழுக்காட்டுக்கும் மேலான உறுதியோடு கொள்ளலாம்.