லண்டன் ஸ்னோ டிராப் மதுரை மொட்டை மாடியில் பூக்குமா?

கேள்வி: பிப்ரவரியில் லண்டனில் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். பின்பக்கம் புல்லுக்கு நடுவே வெள்ளை வெள்ளையாகத் தலை குனிந்து நிற்கும் ஸ்னோ டிராப் பூக்களை விட்டு வர மனசே வரவில்லை. அவள் ஊருக்கு வரும்போது பத்துக் கிழங்கு கொண்டு வரச் சொல்லட்டுமா? ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்து நட்டால் வரும் என்கிறார்களே. வீடு திருநகரில், மாடியில் நல்ல வெயில் உண்டு.

பதில்: கொண்டு வரச் சொல்லாதீர்கள். உங்கள் ஆசை புரிகிறது, ஆனால் அந்தக் கிழங்கு இங்கே வீணாகத்தான் போகும்.

ஸ்னோ டிராப்புக்குக் குளிர்தான் சாப்பாடு. வாரக்கணக்கில் ஈரக்குளிரில் கிடந்து வேர் விட்டு, பனி விலகும்போது பூத்து, பூ முடிந்த பிறகு இன்னும் இரண்டு மாதம் அந்த ஒல்லி இலைகள் குளிர்ந்த வெயிலில் நின்று அடுத்த வருஷப் பூவுக்கான சத்தைக் கிழங்கில் சேர்க்க வேண்டும். மதுரையில் மார்கழி, தை ராத்திரியிலேயே குளிர் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். ஃப்ரிட்ஜ் வைத்தியத்தில் ஒரு தடவை பூ எட்டிப் பார்க்கலாம், அப்புறம் மாசி வெயிலில் இலை கருகும், கிழங்கு சுருங்கும், கதை முடிந்தது. அதோடு இந்தக் கிழங்குக்கு வெங்காயம் மாதிரி கெட்டித் தோல் கிடையாது, சீக்கிரம் காய்ந்துவிடும். அதனால்தான் அந்த ஊர்க்காரர்களே பூ முடிந்ததும் பச்சை இலையோடு பெயர்த்து உடனே மாற்றி நடுகிறார்கள். இன்னொன்று, வெளிநாட்டுக் கிழங்கை இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றும் இல்லாமல் பெட்டியில் போட்டுக் கொண்டு வரக்கூடாது. காட்டில் தோண்டி விற்பதைக் கட்டுப்படுத்த ஸ்னோ டிராப் இனங்கள் சைட்டிஸ் என்ற, அரிய செடி, விலங்கு வியாபாரத்துக்கான சர்வதேச ஒப்பந்தப் பட்டியலிலும் இருக்கின்றன.

சரி, அப்போ என்ன வளர்க்கலாம்? ரெயின் லில்லி. ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, இரண்டும் ஒரே குடும்பம். அது பனிக்குக் காத்திருக்கும், இது மழைக்கு. அழகர் ஆற்றில் இறங்குகிற சமயத்தில் ஒரு கோடை மழை கொட்டினால், நாலைந்து நாளில் வெறும் மண்ணிலிருந்து காம்பு காம்பாகக் கிளம்பி வரும் பாருங்கள், அந்தக் காலையில் மாடிக்கு ஏறினால் லண்டன் ஞாபகம் வராது.

வாயகன்ற பத்து அங்குலத் தொட்டி போதும். செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு. கரிசல் மண் மட்டும் வேண்டாம், ஐப்பசி மழையில் தண்ணீர் தேங்கிக் கிழங்கு அழுகிவிடும். மூன்று விரல் இடைவெளியில், கழுத்து மண்மட்டத்தில் இருக்கும்படி நடுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் தொட்டி ஓரத்தில் வெள்ளை படியும், அப்போது மழைத் தண்ணீரைப் பிடித்து மாதம் ஒரு தடவையாவது நன்றாக ஊற்றி உப்பை வடித்துவிடுங்கள். இளஞ்சிவப்பு, மஞ்சள் வகைகளை இரண்டு மூன்று வாரம் காயப்போட்டு ஒரே நாளில் தொட்டி நிறைய நனைத்தால் மழை பெய்ததாக நினைத்துப் பூக்கும். வெள்ளைக்கு இந்தப் பட்டினி வேண்டாம், அதற்கு எப்போதும் கொஞ்சம் ஈரம் பிடிக்கும்.

சேகரிக்கும் ஆசை இருந்தால் அதற்கும் இதில் இடம் உண்டு. இங்கிலாந்தில் இதழில் ஒரு மஞ்சள் புள்ளி வித்தியாசத்துக்காகவே ஸ்னோ டிராப் சேர்க்கிறார்கள், 2015-ல் 'கோல்டன் ஃபிளீஸ்' என்ற ரகத்தின் ஒரே ஒரு கிழங்கு 1,390 பவுண்டுக்கு ஏலம் போனது. நீங்கள் அவ்வளவு செலவு செய்ய வேண்டியதில்லை. வெள்ளை, இளஞ்சிவப்பு, மஞ்சள் மூன்றையும் முதலில் பக்கத்து வீட்டிலோ நர்சரியிலோ வாங்குங்கள், ஒரு கிழங்கு ஓரிரு வருஷத்தில் குட்டி போட்டுக் கொத்தாகிவிடும். ஒரு தொட்டிக்கு ஒரு ரகம்தான். பூ இல்லாதபோது இலையை வைத்து அடையாளம் பிடிப்பது கஷ்டம், வெள்ளை ரகத்தின் இலை மட்டும் ஈர்க்குப் போல உருண்டிருக்கும். பெயரையும் நட்ட தேதியையும் பிளாஸ்டிக் பட்டையில் பென்சிலால் எழுதிச் செருகுங்கள், மார்க்கர் மை நம்ம வெயிலில் வெளுத்துப்போகும்.

மழைக்காலத்தில் ஒரு புழுவைக் கவனியுங்கள். கருப்பு உடம்பில் வெள்ளையும் சிவப்புமாகப் புள்ளி போட்டுப் பார்க்க அழகாகவே இருக்கும், இரண்டே நாளில் தொட்டியை மொட்டை அடித்துவிடும். காலையில் கையால் பொறுக்கி சோப்புத் தண்ணீரில் போடுவதுதான் சரியான வழி. நான் கண்டவரை வேப்பெண்ணெய் சின்னப் புழுவுக்குத்தான் கேட்கிறது.

கடைசியாக ஒன்று, பிரித்தெடுக்கும் கிழங்குகளைச் சமையலறைப் பக்கம் கொண்டு போகாதீர்கள். அச்சு அசலாகச் சின்ன வெங்காயம் மாதிரியே இருக்கும், ஆனால் விஷம். தாளில் சுற்றிப் பெயர் எழுதி, பேரப்பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வைத்து, ஓரிரு நாளிலேயே நட்டுவிடுங்கள்.