பெங்குவினும் பனிக்கரடியும் ஒரே ட்ரிப்லயா?

கேள்வி: நானும் வீட்டுக்காரரும் வேலைய விட்டுட்டு ஒரு வருஷம் உலகம் சுத்தலாம்னு இருக்கோம். தென் அமெரிக்காவோட தெக்கு கோடியில இருக்குற படகோனியால ட்ரெக்கிங், அப்படியே அண்டார்டிகா போய் பெங்குவின், பனிக்கரடி எல்லாம் பாக்கணும். எந்த மாசம் போறது?

பதில்: மொதல்ல பனிக்கரடிய லிஸ்ட்ல இருந்து எடுத்துடுங்கம்மா, அது வட துருவத்து ஆளு, அதுக்கு நார்வேயோட ஸ்வால்பார்டுக்கோ இல்ல அக்டோபர் கடைசி, நவம்பர்ல கனடாவுல இருக்குற சர்ச்சிலுக்கோ தனியா போகணும். அண்டார்டிகா கப்பல் நவம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும்தான், பெரும்பாலும் அர்ஜென்டினாவோட உசுவாயாவுல இருந்து கெளம்பும், நடுவுல ட்ரேக் கடல் ரெண்டு நாள் கொடலப் பொரட்டிடும், வாந்தி மாத்திரைய மறந்துடாதீங்க. டிசம்பர் கடைசி, ஜனவரின்னா குஞ்சுகளையும் பாக்கலாம். ஆனா 5 மீட்டர் தள்ளிதான் நிக்கணும், ஒரு எடத்துல ஒரே நேரத்துல 100 பேருக்கு மேல எறக்கி விடமாட்டாங்க. பக்கத்து கூட்டுல இருந்து கல்லத் திருடிட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி நடக்குற ஜென்டூங்குற பெங்குவின பாத்தீங்கன்னா சிரிப்பு அடங்காது!

படகோனியாவுக்கும் அதே சீசன்தான். சிலியில டோரெஸ் டெல் பைனே தேசியப் பூங்காவுல, W எழுத்து மாதிரி வளைஞ்சு போற டபிள்யூ ட்ரெக் 4, 5 நாள், தங்குற எடத்த முன்னாடியே புக் பண்ணிடுங்க, காத்து ஆளையே தள்ளும், அதனால டென்ட்ல மட்டும் கஞ்சத்தனம் வேணாம்.