எலிசபெத்தின் ஊர்வலம்: யார் வீட்டுக் காசு?

அன்புள்ள ஆசிரியருக்கு,

இங்கிலாந்து அரசி முதலாம் எலிசபெத்தின் முடிசூட்டு விழாவைப் பற்றிய உங்கள் குறிப்பை வாசித்தேன். ஜரிகை உடை, பல்லக்கு, தெருவுக்குத் தெரு மேடை. கஜானா காலியாகக் கிடந்த நேரத்தில் இதெல்லாம் தேவையா? ஜனங்களை வாய்பிளக்க வைக்கும் வேலைதானே?

ர., தஞ்சாவூர்

அன்புள்ள ர.,

வாய்பிளக்க வைக்கும் வேலைதான். ஆனால் அந்த மேடைகளுக்குப் பணம் போட்டது அரண்மனை இல்லை, லண்டன் நகரம். காசு கொடுத்தவர்கள் தாங்கள் சொல்ல நினைத்ததையும் அவற்றில் ஏற்றிவிட்டார்கள்.

1559 ஜனவரி 14, முடிசூட்டுக்கு முந்தைய நாள். கோவேறு கழுதைகள் சுமந்த பல்லக்கில் அரசி லண்டன் டவரிலிருந்து வெஸ்ட்மின்ஸ்டருக்குப் போகிறார். கிரேஸ்சர்ச் தெருவில் மூன்றடுக்கு மேடை. நடு அடுக்கில் எலிசபெத்தின் தந்தை எட்டாம் ஹென்றி வேடத்துக்குப் பக்கத்தில் ஆன் போலின் வேடம். 1536இல் ஹென்றியே தலையை வெட்ட வைத்த மனைவி, எலிசபெத்தின் தாய். மேல் அடுக்கில் எலிசபெத்.

சீப்சைடில் 'உண்மை' வேடமிட்ட குழந்தை ஆங்கில பைபிளைக் கொடுக்கப் போவதாகக் கேள்விப்பட்டதும், அதை வாங்கிவர அரசி தன் பரிவாரத்தில் வந்த ஜான் பெரட்டை அனுப்பினார். அப்படியில்லை, குழந்தையே பட்டுக் கயிற்றில் இறக்கித் தரும் என்று நகரத்தார் நிறுத்திவிட்டார்கள். புத்தகம் கைக்கு வந்ததும் முத்தமிட்டு, இரு கைகளாலும் உயர்த்தி, மார்போடு அணைத்துக்கொண்டார். ஆங்கில பைபிள் புராட்டஸ்டன்டுகளின் அடையாளம்; கத்தோலிக்கரான முந்தைய அரசி மேரியின் ஆட்சியில் அவர்களில் ஏறத்தாழ 300 பேர் எரிக்கப்பட்டிருந்த நாடு அது. பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவைப்பட்டிருக்காது.

எல்லாம் அந்த நேரத்தில் தானாக நடந்தது என்று நம்பிவிடாதீர்கள். மேடை நடிகர்களுக்கான உடைகள் சில அரண்மனையின் கேளிக்கைத் துறையிலிருந்தே இரவலாகப் போயிருந்தன. அம்மையாருக்கு முன்கூட்டியே ஓரளவு தெரிந்திருக்கும் என்பது என் கணிப்பு. நகரமும் நடித்தது, அவரும் நடித்தார். அவர் நடிப்பு ஒரு படி மேல்.

கஜானா கவலை அவருக்கும் இருந்திருக்கும் போல. இந்த விழாவுக்கு அவர் அணிந்தது அக்கா மேரியின் முடிசூட்டு உடை. ரவிக்கைப் பகுதியும் கைகளும் மட்டும் புதிது.

சரி, எனக்குப் பிடித்தது ஃப்ளீட் தெரு மேடைதான். அங்கே பைபிளில் வரும் பெண் நியாயாதிபதி தெபோராள் உட்கார்ந்திருந்தார், பாராளுமன்ற அங்கியில். சுற்றிலும் பிரபுக்கள், குருமார்கள், சாமானியர்கள். பெண் ஆளலாம், ஆனால் எங்களைக் கேட்டு ஆளுங்கள் என்று இருபத்தைந்து வயதுப் பெண்ணின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்கள்.

ஜனவரி 25 அன்று பாராளுமன்றம் கூடியது. சீக்கிரமே அரசிக்கு ஒரு விண்ணப்பமும் வந்தது: கல்யாணம் செய்துகொள்ளுங்கள். அதை மட்டும் அவர் கடைசிவரை கேட்கவில்லை.