கேட்டீர்கள், சொல்கிறோம்: ஜப்பானில் ஊர்கள் ஒன்று சேரும் கதை

கத்திவாக்கமும் திருவொற்றியூரும் 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்து மண்டலம் 1 ஆயின. ஜப்பானில் சின்ன ஊர்கள் கூடிப் பேசி புது நகரமே உண்டாக்குகின்றனவாமே, எப்படி?
– வாசகர், திருவொற்றியூர்

உங்கள் ஊருக்கு நடந்ததுபோல பெரிய நகரத்துக்குள் சின்னது போய்ச் சேர்வதும் அங்கே உண்டு. நீங்கள் கேட்பது வேறு. சேரும் ஊர்கள் அத்தனையும் ஒரே நாளில் கலைந்து, புது நகரம் பிறக்கும்.

முதலில் ஒவ்வொரு ஊர் மன்றமும் தீர்மானம் போட்டு, கூட்டுக் குழு ஒன்றை அமைக்கும். எந்த வகைச் சேர்ப்பு, எந்தத் தேதி, என்ன பெயர், தலைமை அலுவலகம் எங்கே என்பவைதான் முக்கியப் பேச்சு. அப்புறம் தண்ணீர்க் கட்டணம், காப்பீட்டுச் சந்தா, குப்பை எடுக்கும் முறை என்று நூற்றுக்கணக்கில் சில்லறை விஷயங்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்தானதும் ஊர் மன்றங்கள் தனித்தனியே ஓட்டெடுக்கும். ஒரு ஊர் கவிழ்த்தாலும் அந்த ஒப்பந்தம் செல்லாது. எல்லாரும் சரி என்றால் மாகாண ஆளுநரிடம் (அங்கே தேர்தலில் ஜெயித்து வருபவர்) மனு, மாகாண சட்டமன்றத்தில் ஓட்டு, கடைசியில் மத்திய அமைச்சரின் அரசிதழ் அறிவிப்பு.

குறித்த நாளில் பழைய மேயர்கள் எல்லாரும் பதவி இழப்பார்கள். 50 நாளுக்குள் தேர்தல். அதுவரை ஒரு பொறுப்பாளர். மன்ற உறுப்பினர்கள் மட்டும் சிறப்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு 2 ஆண்டு வரை நீடிக்கலாம்.

சொந்த ஊரின் தனி அடையாளத்தை விட்டுக்கொடுக்க எப்படி ஒப்புக்கொண்டார்கள்?
– வாசகி, மணலி

வேறென்ன, காசுதான். 1999-ல் 3,232 ஆக இருந்த நகர, ஊர், கிராம அமைப்புகள் 2010-ல் 1,727 ஆகச் சுருங்கியதற்கு அதுவே பெரிய காரணம். 2006 மார்ச்சுக்குள் சேர்ந்த ஊர்கள் திட்டச் செலவில் 95% வரை சிறப்புக் கடன் வாங்க முடிந்தது. அதை அடைப்பதில் 70% மத்திய அரசு தந்தது. 100 கோடி யென்னில் அரங்கம் கட்டினால் 95 கோடி கடன், அதில் 66.5 கோடியை மத்திய அரசு பார்த்துக்கொண்டது, வட்டி தனி. போதாக்குறைக்கு, மத்திய மானியமும் 10 ஆண்டுக்குக் குறையாமல், ஊர்கள் தனித்தனியாக இருப்பதாகவே கணக்கிட்டு வந்தது. அடுத்த 5 ஆண்டில் படிப்படியாகக் குறைந்தது.

இடிக்கும் இடமும் இதுவே. கட்டடத்துக்குக் கிடைத்த சலுகை அதன் கரண்ட் பில்லுக்குக் கிடையாது. ஜனத்தொகை குறையக் குறைய வரியும் குறைகிறது. மானியம் இறங்கிய நேரத்தில் பராமரிப்புச் செலவு ஏறியது.

எதில்தான் அதிகம் முட்டிக்கொள்வார்கள்?
– வாசகர், மாதவரம்

பெயரில். ஐச்சி மாகாணத்தின் மிஹாமா, மினாமிசித்தா என்ற இரண்டு ஊர்கள், பக்கத்தில் திறக்கவிருந்த புது விமான நிலையத்தின் பெயரை வைத்து 'மினாமி சென்ட்ரேர்' என்று முடிவு செய்தன. ஊரே சிரித்தது. 2005-ல் மக்கள் வாக்கெடுப்பு வைத்தார்கள். பெயரோடு சேர்த்து இணைப்பும் காலி. அலுவலகச் சண்டைக்கு நிஷி-டோக்கியோ கண்ட வழி சுலபம்: 2001-ல் சேர்ந்த இரண்டு நகரங்களின் அலுவலகங்களையும் வைத்துக்கொண்டார்கள். துறைகள்தான் பிரிந்து கிடந்தன.

சேர மாட்டோம் என்று சொல்ல முடியுமா?
– வாசகர், தண்டையார்பேட்டை

தாராளமாக. ஃபுகுஷிமாவின் யமாத்சுரி 2001-லேயே அப்படி அறிவித்தது. இன்றும் தனி ஊர்தான். செலவைக் குறைக்க, மன்ற உறுப்பினர்களின் மாதச் சம்பளத்தை 2008-ல் நிறுத்திவிட்டு, கூட்டத்துக்கு வரும் நாளுக்கு 30,000 யென் படி என்று மாற்றினார்கள்.